ஆம்பி வேலியில் கால் மைல்: மஸ்டாங்கின் பின்சக்கரத்துக்கு எந்த அளவு டயர்?

சயான்காரன்

என்னிடம் இருப்பது 2017 மாடல் ஃபோர்டு மஸ்டாங் ஜிடி. 5.0 லிட்டர் வி8, 401 குதிரைத்திறன், 515 நியூட்டன் மீட்டர், ஆறு கியர் ஆட்டோமேட்டிக். எஞ்சினில் கை வைக்கவில்லை. முன்னால் 255/40 ஆர்19, பின்னால் 275/40 ஆர்19 டயர்கள். மழைக்காலம் முடிந்த பிறகு லோனாவலா அருகே ஆம்பி வேலி ஓடுபாதையில் கால் மைல் போட்டி (நின்ற இடத்திலிருந்து சுமார் 400 மீட்டர் நேராகப் பாய்வது) வைத்தால் கலந்துகொள்ள நினைக்கிறேன். இப்போதைய டயரில் ஆக்சிலரேட்டரைப் பாதிக்கு மேல் மிதித்தால் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுழல்கிறது.

இதுவரை மூன்று யோசனைகள் கிடைத்திருக்கின்றன. 19 அங்குலத்திலேயே அகலமான ரிம் போட்டு 305/30 ஆர்19 வாங்குவது முதலாவது. 17 அங்குல ரிம் வாங்கி 305/45 ஆர்17 டிராக் ரேடியல், அதாவது நேர்கோட்டுப் பந்தயத்துக்கான மென்மையான ரப்பர் டயர், போடுவது இரண்டாவது. 15 அங்குல ரிம்மில் 28×10.5 (உயரமும் அகலமும் அங்குலத்தில்) ஸ்லிக், அதாவது காடியே இல்லாத வழுவழு பந்தய டயர், போடுவது மூன்றாவது. வீட்டில் இருப்பது இந்த ஒரே கார்தான். எக்ஸ்பிரஸ்வேயில் குடும்பத்தோடு புணே போவதும் இதில்தான். எதை எடுப்பது?

அகலமே_பலம்

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? 305/30 ஆர்19. அகலம் கூடினால் பிடி கூடும். கூடவே டயரின் உயரம் குறைவதால் கியர் விகிதத்தை மாற்றியது போன்ற பலனும் கிடைக்கும், புறப்பாடு துள்ளலாக இருக்கும். பார்க்கவும் கம்பீரம். 17 அங்குல ரிம்மை மஸ்டாங்கில் மாட்டினால் சரக்கு டெம்போ மாதிரி இருக்கும்.

ரப்பர்கணக்கு

அழகுப் போட்டிக்கு என்றால் உங்கள் பேச்சை ஏற்கிறேன். கால் மைலுக்கு என்றால் முதலில் கணக்கைப் போடுவோம்.

275/40 ஆர்19 என்றால் அகலம் 275 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 40 சதவீதம், அதாவது 110 மி.மீ. மேலும் கீழும் சேர்த்து 220. 19 அங்குல ரிம் 482.6 மி.மீ. மொத்த விட்டம் 702.6 மி.மீ. இதே வழியில் முன்சக்கரம் 686.6 வருகிறது. 305/30 ஆர்19 போட்டுப் பாருங்கள்: பக்கச்சுவர் 91.5, மொத்த விட்டம் 665.6. பின்சக்கரம் முன்சக்கரத்தைவிடக் குட்டையாகிவிடும். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது பின்பக்கம் இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேல் பெரிதாக இருந்தது. இப்போது மூன்று சதவீதம் சிறிதாகிறது. ஏபிஎஸ்ஸும் இழுவைக் கட்டுப்பாடும் நான்கு சக்கரங்களின் சுழற்சி வேகத்தை ஒப்பிட்டே முடிவெடுக்கின்றன. ஓடுபாதையில் இழுவைக் கட்டுப்பாட்டை அணைத்துவிடுவீர்கள், சரி. புணே போகும் நாளில்?

கியர் பலனுக்கு வருகிறேன். உயரம் குறைந்ததால் சக்கரத்தில் இழுவிசை ஐந்தரை சதவீதம் கூடும் என்பது உண்மை. ஆனால் இவருடைய குறையே இழுவிசை மிகுந்து டயர் சுழல்வதுதானே? இந்த ஆட்டோமேட்டிக்கின் முதல் கியர் விகிதம் 4.17. அதற்கு மேல் பின் அச்சிலுள்ள டிஃபரென்ஷியல் பல்சக்கரங்கள் வேறு பெருக்குகின்றன. ஏற்கெனவே வழிகிற பாத்திரத்தில் மேலும் ஒரு குவளை ஊற்றச் சொல்கிறீர்கள்.

அகலமே_பலம்

கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உலகத்திலேயே வேகமாகப் பாயும் டாப் ஃபியூயல் டிராக்ஸ்டரின் பின் டயர் பதினேழரை அங்குல அகலம். அகலத்தால் பயன் இல்லை என்றால் அவர்கள் என்ன முட்டாள்களா?

ரப்பர்கணக்கு

அகலத்தைச் சொன்னீர்கள், மீதி அளவையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த டயரின் உயரம் 36 அங்குலம், ரிம் 16 அங்குலம்தான். மேலே பத்து, கீழே பத்து அங்குலம் முழுவதும் பக்கச்சுவர். அதில் அடைக்கும் காற்றோ நம் கார் டயரில் இருப்பதில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. புறப்படும் நொடியில் அந்தப் பக்கச்சுவர் மடிந்து சுருங்குவதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். உங்களுடைய 305/30-இல் மடிவதற்கு என்ன இருக்கிறது?

தரையில் படும் பரப்பைத் தீர்மானிப்பது பெரும்பாலும் சக்கரத்தின் மேல் உள்ள எடையும் உள்ளே உள்ள காற்றழுத்தமும்தான். மஸ்டாங்கின் ஒவ்வொரு பின்சக்கரத்திலும் ஏறக்குறைய 400 கிலோ இறங்குகிறது என்று வையுங்கள். 32 பிஎஸ்ஐ அழுத்தத்தில் பரப்பு சுமார் 178 சதுர சென்டிமீட்டர். 18 பிஎஸ்ஐயில் சுமார் 316. டயர்ச் சுவரின் விறைப்பால் உண்மை எண்கள் கொஞ்சம் மாறும், போகும் திசை மாறாது. அழுத்தத்தை மாற்றாமல் அகலத்தை மட்டும் கூட்டினால் தடம் அகலமாகும், ஆனால் முன்பின்னாகக் குறுகிவிடும். நேர்கோட்டில் பாய்வதற்கு வேண்டியது நீளமான தடம். உயரமான டயர், தடித்த பக்கச்சுவர், குறைந்த அழுத்தம் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் அது கிடைக்கும். அகலம் நான்காவது இடம்.

சயான்காரன்

அப்படியென்றால் இருக்கிற 275/40 டயரிலேயே காற்றைப் 18-க்கு இறக்கிவிட்டால் போதாதா? செலவே இல்லையே.

இரண்டாம்_கியர்

போதாது தம்பி. சாலை டயரின் பக்கச்சுவர் வளைவுகளில் விறைப்பாக நிற்பதற்காகக் கட்டப்பட்டது. அழுத்தத்தை அவ்வளவு குறைத்தால் இரண்டு ஓரங்களும் அழுந்தும், நடுப்பகுதி தரையை விட்டு எழும்பும். சாக்பீஸால் டயரின் முகத்தில் ஓரத்திலிருந்து ஓரம்வரை குறுக்கே ஒரு கோடு போட்டு, பத்து இருபது மீட்டர் மெல்ல உருட்டிப் பாருங்கள். நடுவில் கோடு அழியாமல் அப்படியே இருந்தால் காற்று போதவில்லை. ஓரங்களில் மட்டும் அழியாமல் இருந்தால் காற்று அதிகம். பெரும்பாலான சாலை டயர்களில் 25-க்குக் கீழே போனால் நடுக்கோடு மிஞ்ச ஆரம்பிக்கும்.

ஆனாலும் நான் டிராக் ரேடியல் பக்கம் இல்லை. அமெரிக்காவில் அந்த டயர்கள் சாதிக்கும் களம் வேறு. அங்கே பந்தயப் பாதையில் பிசின் கலந்த திரவத்தைத் தெளித்து, அதன்மேல் ரப்பரைத் தேய்த்துப் படிய வைத்திருப்பார்கள். செருப்பு போட்டு நடந்தால் செருப்பு தரையோடு நின்றுவிடும். ஆம்பி வேலியில் இருப்பது விமானம் இறங்கும் ஓடுபாதை. தூசி, பொடிக்கல், டிசம்பர் காலையில் கொஞ்சம் பனி ஈரம். மென்மையான ரப்பரின் அருமை அந்தத் தரையில் பாதி வீணாகிவிடும். தவிர, லோனாவலா கடல்மட்டத்திலிருந்து 600 மீட்டருக்கு மேல் இருக்கிறது. டர்போ இல்லாத எஞ்சின் அந்த உயரத்தில் ஐந்தாறு சதவீதத் திறனை இழக்கும். அதனால் டயர்மேல் வரும் சுமையும் குறையும்.

என் வாக்கு இதே 275/40 ஆர்19 அளவில் டிரெட்வேர் 200 வகை டயருக்கு (டிரெட்வேர் என்பது தேய்மான எண்; குறைந்தால் டயர் சீக்கிரம் தேயும், பொதுவாகப் பிடி கூடும்). ஒரே ஜோடியில் புணேயும் போகலாம், பந்தயமும் ஓட்டலாம். மிச்சமாகும் பணத்தில் ஓட்டப் பழகுங்கள்.

ரப்பர்கணக்கு

தரையைப் பற்றி அக்கா சொல்வது முழுக்கச் சரி. முடிவில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. தரை மோசமானால் ரசாயனப் பிடியின் பங்கு குறையும், அப்போது தடத்தின் நீளம் இன்னும் முக்கியமாகும். முதல் 18 மீட்டரில் இழக்கும் ஒவ்வொரு பத்தில் ஒரு விநாடியும் கடைசிக் கோட்டில் ஒன்றரை மடங்காகத் திரும்பி வரும். இந்தக் காரின் கதை முடிவாவது அந்த 18 மீட்டரில்தான், ஐந்தாவது கியரில் அல்ல.

ஷோலாவரம்_ரசிகர்

ஷோலாவரம் ஓடுபாதையில் பந்தயம் பார்த்து வளர்ந்தவன் நான், இப்போது செம்பூரில் இருக்கிறேன். நீங்கள் எல்லாரும் ரேடியலைச் சுற்றியே பேசுகிறீர்கள். தூசித் தரையில் பிடிக்கக் கூடியது பயாஸ் கட்டுமானத்து (உள்நூல் அடுக்குகள் சாய்வாகக் குறுக்கிடும்) ஸ்லிக்தான். அதன் சுவர் சுருங்கி விரியும்போது அதிர்ச்சியைத் தானே வாங்கிக்கொள்ளும். ரேடியல் ஒருமுறை பிடி விட்டால் உடனே மீளாது. ஸ்லிக் கொஞ்சம் சுழன்றாலும் இழுத்துக்கொண்டே போகும். 28×10.5-ஐ விட்டுவிட வேண்டாம்.

ரப்பர்கணக்கு

ஐயா சொல்லும் குணம் உண்மை. தயாரிப்பு இல்லாத தரையில் ஸ்லிக்குக்கு மன்னிக்கும் மனம் அதிகம். ஆனால் இந்தக் காரில் அது ஏறாது. மஸ்டாங் ஜிடியின் பின் பிரேக் டிஸ்க் 330 மி.மீ. 15 அங்குல ரிம்மின் விட்டம் 381. சுற்றிலும் இருபத்தைந்து மி.மீ. இடைவெளி, அதிலும் ரிம்மின் தடிமன் போக வேண்டும். டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பர் எங்கே உட்காரும்? பின் பிரேக்கையே மாற்றிச் சிறிதாக்கினால்தான் முடியும். குடும்பத்தோடு போகும் காரில் அதைச் செய்யச் சொல்வீர்களா? 17 அங்குல ரிம் என்றால் 431.8, ஐம்பது மி.மீ. இடம் கிடைக்கிறது.

இன்னொன்று. பயாஸ் ஸ்லிக் வேகத்தில் உப்பி வளரும். முன்னால் ரேடியல், பின்னால் பயாஸ் என்று கலந்து மணிக்கு 170 கிலோமீட்டரைத் தொட்டால் வண்டியின் வால் லேசாக அலையும். அனுபவசாலி கையில் அது சமாளிக்கக் கூடியது. முதல்முறை ஓட்டுபவருக்கு வேண்டாம்.

ஷோலாவரம்_ரசிகர்

பிரேக் விஷயம் சரி. வால் அலையும் என்று பயந்தால் பந்தயம் எதற்கு என்பேன். இருக்கட்டும்.

கடைத்தெரு

எல்லாரும் அளவைப் பற்றியே பேசுகிறீர்கள். டயர் எங்கிருந்து வரும் என்று யாராவது கேட்டீர்களா? நான் இந்தத் தொழிலில் இருப்பவன். 2020 ஜூனில் புது டயர் இறக்குமதியை மத்திய அரசு தடையற்ற பட்டியலிலிருந்து கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலுக்கு மாற்றியது. அதற்கு முன்பே கார் டயருக்கு ஐஎஸ் 15633 தரச் சான்று கட்டாயம். விற்பனை எண்ணிக்கை விரல்விட்டு எண்ணும் அளவில் இருக்கும் டிராக் ரேடியலுக்கு யார் அந்தச் சான்றை வாங்கப் போகிறார்கள்? கடைக்குப் போய் 305/45 ஆர்17 கேட்டால் லாரி டயரா என்று கேட்பார்கள்.

கிடைப்பது பெரும்பாலும் முன்பே வந்து யாரோ ஓட்டி விற்கும் ஜோடி. வாங்குவதானால் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத் தேதியைப் பாருங்கள். 2318 என்றால் 2018-இன் 23-வது வாரம் செய்தது. ஓடாமல் மூலையில் கிடந்த டயரும் மும்பைப் புழுக்கத்தில் இறுகிப்போகும். நகத்தால் அழுத்துங்கள். மென்மையான ரப்பரில் தடம் பதிந்து மெல்லத் திரும்பும். பதியவே இல்லை என்றால் என்ன விலை சொன்னாலும் வேண்டாம். ஃபோர்டு 2021-இல் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்த பிறகு, இந்தக் காருக்குப் பொருந்தும் 17 அங்குல ரிம் தேடுவதும் தனி வேட்டை. ஐந்து துளை, 114.3 மி.மீ. வட்டம், பத்து அங்குல அகலம் என்று கேளுங்கள். ஆஃப்செட்டையும் (ரிம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி நிற்கும் என்ற அளவு) உறுதி செய்யுங்கள். இல்லாவிட்டால் உள்பக்கம் சஸ்பென்ஷனில் உரசும்.

இரண்டாம்_கியர்

பார்த்தீர்களா? கிடைக்காத டயரைச் சுற்றி இவ்வளவு கணக்கு.

ரப்பர்கணக்கு

கிடைத்தால் எதை எடுப்பது என்பதுதான் கேள்வி. 305/45 ஆர்17-இன் விட்டம் 706.3. பழைய 702.6-உடன் ஒப்பிட்டால் அரை சதவீத வித்தியாசம். வேகமானி, கியர், ஏபிஎஸ் எதுவும் முகம் சுளிக்காது. பக்கச்சுவர் 110-லிருந்து 137 ஆகிறது. அந்த 27 மி.மீ.தான் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது. 305 என்ற எண் உடன் வருவது.

சயான்காரன்

பந்தய டயரையே மாட்டிக்கொண்டு வீட்டிலிருந்து ஓட்டிப் போகலாமா? ஆம்பி வேலி சுமார் நூறு கிலோமீட்டர்தானே.

இரண்டாம்_கியர்

கூடவே கூடாது. அந்த டயரில் தண்ணீர் வடியும் காடிகள் பேருக்குத்தான். மலைப்பாதையில் எதிர்பாராமல் ஒரு மழை பிடித்தால் தண்ணீர் வெளியேற வழியில்லை, கார் மிதக்கும். இந்த ஒரு விஷயத்தில் ரப்பர்கணக்கும் என்னோடு நிற்பார் என்று நம்புகிறேன்.

ரப்பர்கணக்கு

நிற்கிறேன். சாலை டயரில் போய், அங்கே மாற்றி, மாலையில் திரும்ப மாட்டிக்கொண்டு வாருங்கள். இந்தக் காரின் நட்டுகளுக்கு 204 நியூட்டன் மீட்டர் இறுக்கம் வேண்டும், காலால் மிதித்து இறுக்கும் வேலை வேண்டாம். டார்க் ரெஞ்ச் எடுத்துப் போங்கள். முதல் ஓட்டத்துக்கு 20 பிஎஸ்ஐ, பிறகு ஒவ்வொன்றாகக் குறைத்து 17 வரை. ரிம்மிலும் டயரிலும் சேர்ந்தாற்போல வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு சிறு கோடு போட்டுவிடுங்கள். ஓட்டம் முடிந்ததும் கோடு இரண்டாகப் பிரிந்து விலகி நின்றால் டயர் ரிம்மின்மேல் வழுக்குகிறது என்று பொருள். அழுத்தத்தை ஏற்றுங்கள்.

அகலமே_பலம்

இரண்டு சக்கரம், ஜாக்கி, ரெஞ்ச், காற்றடிக்கும் பம்பு, பெயின்ட் டப்பா. பந்தயத்துக்குப் போகிறாரா, கடை வைக்கப் போகிறாரா?

சயான்காரன்

முடிவைச் சொல்லிவிடுகிறேன். 305/30 வேண்டாம், ஸ்லிக்கும் வேண்டாம். 17 அங்குல ரிம்மும் 305/45-உம் தேதி நன்றாக உள்ள ஜோடியாக நவம்பருக்குள் கிடைத்தால் அதை வாங்குவேன். என் மைத்துனரின் ஜீப் சக்கரங்களைச் சுமந்து பின்னால் வரும். கிடைக்காவிட்டால் இரண்டாம்_கியர் அக்கா சொன்னபடி இதே அளவில் டிரெட்வேர் 200. கடைத்தெரு அண்ணா, ரிம் கண்ணில் பட்டால் சொல்லுங்கள்.

இரண்டாம்_கியர்

நவம்பருக்குள் கிடைக்காது. டிரெட்வேர் 200-க்கு இப்போதே சொல்லிவையுங்கள்.

அகலமே_பலம்

என் காரில் 305/30 ஏற்கெனவே மாட்டியாகிவிட்டது. நானும் வருகிறேன். பக்கத்துப் பாதையில் நில்லுங்கள், பார்த்துவிடுவோம்.

ரப்பர்கணக்கு

வாருங்கள். முன்சக்கர விட்டத்தை மட்டும் ஒருமுறை அளந்துவிட்டு வாருங்கள்.