சீராக ஓட்டும்போது மட்டும் நடுக்கம்: லாக்கப் கிளட்ச்தான் காரணமா?

நீலக்கார்:
என்னுடையது ஆறு கியர் ஆட்டோமேட்டிக், டார்க் கன்வர்ட்டர் வகை. மணிக்கு 60-லிருந்து 80 கி.மீ. வேகத்தில், ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபடி ஒரே சீராகப் போகும்போது மட்டும் வண்டி நடுங்குகிறது. வரிவரியாகக் கோடு போட்ட சாலை மேல் ஓடுவது போல ஓரிரு நொடி 'டுர்ர்' என்று வரும், நின்றுவிடும். அழுத்தி மிதித்தால் இல்லை. சிக்னலில் நிற்கும்போதும் இல்லை. வீல் பேலன்ஸிங் பார்த்தாயிற்று. லாக்கப் கிளட்ச் தேய்ந்திருக்கும், கியர்பாக்ஸைக் கழற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். கிளட்ச் பெடலே இல்லாத வண்டியில் கிளட்ச் எங்கிருந்து வந்தது?

கியர்பெட்டி:
கழற்ற அவசரப்படாதீர்கள் சார். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே உள்ள டார்க் கன்வர்ட்டருக்குள், இன்ஜினோடு சுற்றும் பம்ப் எண்ணெயை வீசுகிறது. அந்த வீச்சில் எதிரே இருக்கும் டர்பைன் சுழன்று கியர்பாக்ஸை ஓட்டுகிறது. நடுவே உள்ள ஸ்டேட்டர், திரும்பி வரும் எண்ணெயைத் திசைமாற்றிப் பம்புக்கு உதவியாகத் தள்ளும். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது டார்க், அதாவது சுழற்றும் விசை, ஏறத்தாழ இரண்டு மடங்காவது இதனால்தான். வேகம் கூடினால் அந்தப் பெருக்கம் போய்விடும். ஆனால் டர்பைன் எப்போதும் பம்பைவிடக் கொஞ்சம் மெதுவாகத்தான் சுற்றும். அந்த வித்தியாசம் எண்ணெயைச் சூடாக்கி, பெட்ரோலைத் தின்னும்.

அதற்குத்தான் லாக்கப். டர்பைனோடு இணைந்த ஒரு தட்டு, அதன் முகத்தில் உராய்வுப் பட்டை. கன்வர்ட்டரின் முன்மூடியை ஒட்டி உட்கார்ந்திருக்கும். சாதாரணமாகத் தட்டுக்கும் மூடிக்கும் நடுவே எண்ணெய் நுழைந்து இரண்டையும் பிரித்து வைக்கிறது. லாக் ஆக வேண்டுமென்றால், சோலனாய்டு என்ற மின்வால்வு எண்ணெயின் போக்கையே திருப்பிவிடும். முன்பக்க அழுத்தம் வடியும், பின்பக்க அழுத்தம் தட்டை மூடியோடு சேர்த்து அமுக்கும். அவ்வளவுதான், இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒன்றாகச் சுற்றும். ஒன்றும் புதுச் சரக்கல்ல, 1949-லேயே பேக்கார்டு கார்களின் அல்ட்ராமேட்டிக்கில் இருந்தது.

இப்போதுள்ள பல பெட்டிகளில் தட்டை முழுசாகப் பிடிக்க விடாமல், வேண்டுமென்றே கொஞ்சம் வழுக்க விடுகிறார்கள், இன்ஜின் துடிப்பு உள்ளே தெரியாமலிருக்க. எண்ணெய் பழசாகி, உராய்வைச் சீராக வைக்கும் சேர்மானம் தீர்ந்துபோனால், தட்டு பிடிப்பதும் விடுவதுமாக இருக்கும். உங்கள் 'டுர்ர்' பெரும்பாலும் அதுதான்.

பின்னால் வண்டி வராத நேரமாகப் பார்த்து, நடுக்கம் வரும்போது ஆக்சிலரேட்டரை அப்படியே வைத்துக்கொண்டு, பிரேக் லைட் எரியும் அளவுக்கு மட்டும் பெடலைத் தொடுங்கள். லாக்கப் விட்டுவிடும். ஆர்.பி.எம். சட்டென்று ஏறி நடுக்கமும் நின்றால், ஆள் அகப்பட்டான்.

ஸ்பார்க்மணி:
அங்கேதான் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு சிலிண்டரில் பெட்ரோல் அவ்வப்போது சரியாக எரியாமல் லேசாக மிஸ் அடித்தாலும் இதே சோதனையில் நடுக்கம் மறையலாம். லாக் ஆகாத கன்வர்ட்டர் அந்த உதறலை எண்ணெயிலேயே அமுக்கிவிடும். லாக் ஆனதும் நேராக வண்டிக்கு வரும். பழைய ஸ்பார்க் பிளக்கும் இக்னிஷன் காயிலும் கன்வர்ட்டர் மேல் பழி போட வைப்பது சகஜம். ஸ்கேனரை மாட்டி மிஸ்ஃபயர் எண்ணிக்கையையும் கன்வர்ட்டர் ஸ்லிப்பையும் (பம்புக்கும் டர்பைனுக்கும் உள்ள வேக வித்தியாசம்) ஒன்றாகப் பாருங்கள். லாக் ஆன பிறகும் ஸ்லிப் மேலும் கீழும் துள்ளினால் கிளட்ச். ஸ்லிப் அசையாமல் மிஸ்ஃபயர் ஏறினால் இன்ஜின் பக்கம்.

நீலக்கார்:
பார்த்தேன் சார். மிஸ்ஃபயர் எல்லா சிலிண்டரிலும் பூஜ்யம். நடுக்கம் வரும் அதே நேரத்தில் ஸ்லிப் துள்ளுகிறது. ஸ்கேனரில் பிழைக் குறியீடு எதுவும் இல்லை. எண்ணெய் கறுத்திருக்கிறது, கருகிய வாடை இல்லை. மாற்றினால் போதுமா?

கியர்பெட்டி:
வாடை இல்லாதது நல்ல சேதி. கையேட்டில் சொன்ன அதே வகை எண்ணெய்தான், 'எல்லாவற்றுக்கும் ஆகும்' என்று விற்பது வேண்டாம். ஒருமுறை வடித்தால் பாதிக்கு மேல் கன்வர்ட்டருக்குள்ளேயே தங்கிவிடும். அதனால் வடித்து, ஊற்றி, கொஞ்ச நாள் ஓட்டி, மறுபடி வடியுங்கள். அளவு பார்க்கும்போது எண்ணெய் கையேடு சொல்லும் சூட்டில் இருக்க வேண்டும். வடிதட்டின் காந்தத்தில் மை போன்ற சாம்பல் படிவு இருந்தால் கவலையில்லை, செதில் செதிலாக உலோகம் கிடந்தால் உங்கள் மெக்கானிக் சொன்னதற்கே போக வேண்டியதுதான். கிளட்ச் தட்டின் உராய்வுப் பட்டை பளபளவென்று கண்ணாடியாகிவிட்டிருந்தாலும் புது எண்ணெய் தற்காலிக நிம்மதிதான் தரும், கன்வர்ட்டர் மாற்ற வேண்டிவரும்.

ஸ்பார்க்மணி:
எண்ணெய் மாற்றியதும் கியர்பாக்ஸ் அடாப்டேஷனை ரீசெட் செய்யவேண்டிய மாடலா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பழைய எண்ணெய்க்குக் கற்றுக்கொண்ட அழுத்தக் கணக்கையே கணினி பிடித்துக்கொண்டிருந்தால், முதலில் சில நாள் லாக்கப் முரட்டுத்தனமாகப் பிடிக்கும்.