கால் சுற்று சுற்றி நின்ற ஃபேன்

போன வருடம் நானே பாகங்கள் வாங்கி ஒரு கம்ப்யூட்டர் சேர்த்தேன். ரைசன் 5 5600 பிராசசர், பி550 மைக்ரோ ஏடிஎக்ஸ் மதர்போர்டு, 8 ஜிபி ராம் இரண்டு, எல்லாம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரே நாளில் அலைந்து வாங்கியது. கேபினெட் மட்டும் அத்தை பையன் வைத்திருந்த பழசு. ராத்திரி பத்து மணிக்கு எல்லாவற்றையும் மாட்டி முடித்து பட்டனை அழுத்தினேன். சிபியு ஃபேன் கால் சுற்று சுற்றியது, எஸ்எம்பிஎஸ்ஸுக்குள், அதாவது கரண்ட் கொடுக்கும் பெட்டிக்குள், டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடி அழுத்தினால் அதுவும் இல்லை. பின்பக்க ஸ்விட்சை அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போட்டால் திரும்பவும் அதே கால் சுற்று. மாதக்கணக்கில் சேர்த்த காசு, வயிற்றைப் பிசைந்தது.

தெரிந்த கடைக்காரர் ஒருவர், நான் சொன்னதைக் கேட்டவுடனே போர்டு போயிருக்கும், மாற்றிவிடு என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. முதலில் எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாகக் கழற்றி, போர்டில் மாட்டும் 24 பின் கனெக்டரில் 16ஆவது பின்னை, அதாவது பச்சை வயர் வரும் இடத்தை, பக்கத்தில் உள்ள கருப்போடு ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்துப் பார்த்தேன். எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபேன் ஓடியது. (இதைச் செய்தால் கிளிப்பை மாட்டிய பிறகுதான் கரண்ட் போட வேண்டும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்கவே திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.) ஃபேன் ஓடினாலே நல்ல எஸ்எம்பிஎஸ் என்று அர்த்தமில்லை, ஆனாலும் முழுக்கச் செத்துப்போகவில்லை என்ற அளவுக்குத் தெரிந்தது.

அப்புறம் போர்டை வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டி மேலேயே வைத்தேன். பிராசசர், கூலர், இரண்டாவது ஸ்லாட்டில் ஒரே ஒரு ராம், கிராஃபிக்ஸ் கார்டு, வேறு எதுவும் இல்லை. 5600இல் உள்ளேயே கிராஃபிக்ஸ் கிடையாது, அதனால் கார்டு இல்லாமல் டிஸ்ப்ளே வராது. பவர் ஸ்விட்ச் மாட்டும் இரண்டு பின்களையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு நொடி தொட்டேன். ஃபேன் நிற்காமல் சுற்றியது. போர்டில் ராமுக்கான டிராம் விளக்கு எரிந்தது, கொஞ்ச நேரத்தில் அணைந்தது, கிராஃபிக்ஸுக்கான விஜிஏ விளக்கு எரிந்து அணைந்தது, போர்டின் அமைப்புகளைக் காட்டும் பயாஸ் திரை வந்துவிட்டது. அந்த நிமிடம் எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது.

அப்படியானால் கோளாறு கேபினெட்டில்தான். டார்ச் அடித்துப் பார்த்தேன். பழைய போர்டுக்காகப் போட்ட பித்தளை ஸ்டாண்ட்ஆஃப் (போர்டைத் தாங்கும் குட்டித் தூண்) ஒன்று, என் போர்டில் துளையே இல்லாத இடத்தில் நின்றுகொண்டிருந்தது. போர்டைத் திருப்பினால் அதே இடத்தில், சால்டர் முனைகளுக்கு மேல், சட்டைப் பொத்தானை விடச் சின்னதாக ஒரு வட்டக் கீறல். அந்த முனைகள் பித்தளை வழியாக கேபினெட் பாடியைத் தொட்டு ஷார்ட் ஆகியிருக்கின்றன, எஸ்எம்பிஎஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள உடனே அணைந்திருக்கிறது. குறடால் அதைக் கழற்றினேன், திரும்ப மாட்டினேன், இன்றுவரை ஓடுகிறது. கடைக்காரர் சொன்னபடி புது போர்டு வாங்கியிருந்தால் அதையும் கொண்டுபோய் அதே பித்தளை மேல்தான் வைத்திருப்பேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கூட வேலை செய்யும் நண்பர், என்னுடையதற்கு அடுத்த தலைமுறையான ஏஎம்5 போர்டும் டிடிஆர்5 ராமும் வாங்கினார். ஃபேன் எல்லாம் சுற்றுகிறது, திரை மட்டும் கருப்பு. அரை நிமிடம் பார்ப்பார், அணைப்பார், மறுபடி போடுவார். இப்படியே மூன்று தடவை செய்துவிட்டுத்தான் எனக்குப் போன் செய்தார். அந்த வகை போர்டு முதல் தடவை ராமைப் பழக்கிக்கொள்ளவே பல நிமிடங்கள் எடுக்கும், நடுவில் அணைத்தால் திரும்ப முதலிலிருந்து தொடங்கும், சிமாஸ் கிளியர் செய்தாலும், அதாவது பயாஸ் அமைப்புகளை அழித்தாலும், அப்படித்தான். பட்டனைப் போட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வாருங்கள் என்றேன். பத்து நிமிடத்தில் திரும்ப அழைத்தார், பயாஸில் நிற்கிறது, அடுத்து என்ன அழுத்த வேண்டும் என்று கேட்டார்.