டிஎன்சி என்றால் யார்? பீடோங் வந்திறங்கிய விரிவுரையாளருக்கு

கேள்வி: திருநெல்வேலியில் இருந்து மலேசியாவின் பீடோங் வந்து இரண்டு வாரம் ஆகிறது, விரிவுரையாளர் வேலை. பாடத்திட்டம் பற்றி எதைக் கேட்டாலும் 'டிஎன்சிக்குப் போகணும்' என்கிறார்கள். யார் இவர்? நம்ம ஊர்ப் பதிவாளர் மாதிரியா?

பதில்: பதிவாளர் இல்லை தம்பி. ஊரில் துணைவேந்தர், பதிவாளர், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் மூவரையும் தெரிந்திருந்தால் காலம் தள்ளிவிடலாம். இங்கே படிப்பு சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் துணைவேந்தருக்கு அடுத்தபடியாகத் தனியாக ஒருவர் இருப்பார். மலாயில் திம்பாலான் நாயிப் சான்சலர், சுருக்கமாக டிஎன்சி. டிஎன்சிகள் இரண்டு மூன்று பேர் இருக்கலாம். நீங்கள் தேடுவது 'அக்காடெமிக்' என்று போட்டவரை. அமெரிக்காவில் இந்த வேலைக்குப் பெயர் புரோவோஸ்ட். ஆனால் பெயரை மட்டும் நம்பாதீர்கள். செமினியில் உள்ள நாட்டிங்ஹாம் மலேசிய வளாகத்தில் புரோவோஸ்ட் என்றால் அந்த வளாகத்துக்கே தலைவர்.

நான் வந்த புதிதில் ஒட்டுக்கடையில் ஒரு தாத்தாவிடம் இதை விளக்கப் பார்த்தேன். காலமெல்லாம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். "அப்போ பெரிய கிராணியா?" என்றார். கிராணி என்றால் தோட்டத்து அலுவலக எழுத்தர். தே தாரிக்கை ஒரு வாய் குடித்துவிட்டு அவரே திருத்தினார்: "இல்லல்ல. கிராணி ஆபீஸ விட்டு வரமாட்டான். காட்டுக்குள்ள வந்து மரத்தப் பாக்குறது சின்ன துரைதான்."

அதேதான். தோட்ட மேலாளர் பெரிய துரை, அவருக்கு அடுத்தவர் சின்ன துரை. இங்கே துணைவேந்தர்தான் பெரிய துரை, டிஎன்சி சின்ன துரை. பெரிய துரை வெளியுலகத்தோடு பேசுவார், பணத்துக்கு வழி பார்ப்பார். எந்தப் படிப்பைத் தொடங்குவது, எதை மூடுவது, யாருக்குப் பதவி உயர்வு, செனட் என்கிற கல்விக் குழுவுக்கு எது போக வேண்டும் என்பதெல்லாம் சின்ன துரை மேசையைத் தாண்டித்தான் போகும்.

என் கதையைச் சொல்கிறேன். முதல் பருவத்தில் ஊர்ப் பாடத்திட்டத்தை அப்படியே தட்டச்சு செய்து கொடுத்தேன். சிவப்பு மையோடு திரும்பி வந்தது. இங்கே ஒரு கிரெடிட் என்றால் மாணவரின் 40 மணி நேரம். வகுப்பு மட்டுமல்ல, வீட்டில் படிப்பது, பயிற்சி, தேர்வு எல்லாம் சேர்த்து. மூன்று கிரெடிட் பாடத்துக்கு 120 மணி நேரத்தையும் கட்டம் போட்டுக் காட்ட வேண்டும். நான் 14 வாரத்தை மூன்றால் பெருக்கி 42 என்று போட்டிருந்தேன். 'மிச்சம் 78 மணி நேரம் மாணவன் என்ன செய்வான்?' என்று ஓரத்தில் எழுதியிருந்தது. காது சூடாகிவிட்டது.

டிஎன்சி இதில் கறாராக இருப்பதற்குக் காரணம் எம்கியூஏ. படிப்புகளுக்குத் தரச்சான்று தரும் அமைப்பு அது, 2007இல் வந்தது. அவர்கள் பார்வையிட வரும்போது உங்கள் கட்டத்துக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

அப்புறம், ஊரில் போல உங்களைப் 'புரொஃபசர்' என்று அறிமுகப்படுத்திக்கொள்ளாதீர்கள். இங்கே அது ஏறிப் போகவேண்டிய பதவி. முனைவர் பட்டம் இருந்தால் 'டாக்டர்', அவ்வளவுதான். டிஎன்சி 'டத்தோ' என்ற கௌரவப் பட்டம் பெற்றவராக இருந்தால் அதைச் சொல்லி அழைக்க மறக்காதீர்கள்.

கேள்வி: அந்த நாற்காலிக்கு நம்மைப் போன்றவர்கள் போக முடியுமா அண்ணே?

பதில்: பாதை இருக்கிறது, நீளம்தான். விரிவுரையாளர், மூத்த விரிவுரையாளர், இணைப்பேராசிரியர், பேராசிரியர். இடையில் துறைத் தலைவர், டீன். டீனாக இருந்து சண்டை தீர்த்துப் பழகாதவர் அங்கே போய்த் திண்டாடுவார் என்பது என் எண்ணம். அரசுப் பல்கலைக்கழகத்தில் டிஎன்சியை நியமிப்பவர் உயர்கல்வி அமைச்சர், தனியாரில் நிர்வாகம். அங்கிருந்து மேலே போனவர்களும் உண்டு. ஹார்வர்டில் 2011 முதல் புரோவோஸ்டாக இருந்த ஆலன் கார்பர் 2024இல் தலைவரானார். மருத்துவமும் பொருளாதாரமும் படித்தவர். (அந்த ஹார்வர்ட், நம்ம பீடோங் ஹார்வர்ட் தோட்டம் இல்லை!)

சரி, நாற்காலி இருக்கட்டும், முதலில் கட்டத்தைக் கூட்டிப் பாருங்கள்.

நன்றி அண்ணே. இப்போதுதான் கூட்டினேன். 45 வருகிறது.