வால்வு ரேடியோ கண்டென்சர்: பழசே போதுமா, புதுசு போடணுமா?

மண்டபம்_செட்: ஈ.இஸட்.80 (ஏசியை டிசியா மாத்துற வால்வு), ஈ.எல்.84 (ஸ்பீக்கரை ஓட்டுற அவுட்புட் வால்வு) போட்ட பழைய ரேடியோ செட். பல வருஷம் ஓடாமக் கிடந்தது. கண்டென்சர் எல்லாத்தையும் மாத்திடவா?

பாம்பன்_வால்வு: மொத்தமா மாத்தாதீங்க. டிசியைச் சமப்படுத்துற 50 மைக்ரோஃபாரட் 350 வோல்ட் ஃபில்டர் கண்டென்சரைத் தனியாக் கழட்டி, 22 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியா 50 வோல்ட்ல ஆரம்பிச்சு மெதுவா ஏத்துங்க. ரெசிஸ்டர் குறுக்கே 22 வோல்ட் காட்டினா கசிவு 1 மில்லிஆம்பியர். முழு வோல்ட்டேஜ்ல அதுக்கும் கீழே இறங்கிட்டா அந்தக் கண்டென்சர் ஓடும்.

கீழக்கரை_சால்டர்: அண்ணே, அப்படி மெதுவா வோல்ட் ஏத்தும்போது திரும்ப வளர்றது அலுமினியத் தகட்டு மேல இருக்கிற ஆக்ஸைடு படலம் மட்டும்தான். காய்ஞ்சுபோன எலக்ட்ரோலைட் திரும்பி வராது, ஸ்பீக்கர்ல வர்ற 'ம்ம்' இரைச்சலும் (ஹம்) போகாது. நம்ம உப்புக்காத்துல ஃபில்டர் டப்பா அடியில ரிவெட் அடிச்ச டேக்கை (ஒயர் சால்டர் பண்ற தகட்டு முனை) பாருங்க: வெள்ளையாப் பூத்திருக்கும், விரல் வச்சா ஆடும். அதை எப்படி நம்புறது?

அதைவிட முக்கியம் கப்ளிங் கண்டென்சர், அந்த மெழுகுக் காகித 0.01 மைக்ரோஃபாரட். முந்தின வால்வோட டிசியைத் தடுத்து, சிக்னலை மட்டும் ஈ.எல்.84 கிரிட்டுக்கு (வால்வோட கரண்டைக் கட்டுப்படுத்துற முனை) விடுறது அதுதான். ஈரம் ஏறி 2 மைக்ரோஆம்பியர் கசிஞ்சாலே 1 மெகா ஓம் கிரிட் ரெசிஸ்டர்ல 2 வோல்ட் பிளஸ் நிக்கும். ஈ.எல்.84-க்கு பயாஸே (கரண்டை அடக்கி வைக்கிற மைனஸ் வோல்ட்டேஜ்) ஏழு வோல்ட் சுமாருக்குத்தான். கரண்ட் ஏறி வால்வு போகும், கூடவே அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும். ஈ.எல்.84-ஐ உருவிட்டு, செட்டைப் போட்டு, அதோட சாக்கெட்ல 2-ஆம் பின்னுக்கும் (கிரிட்) சேஸிஸுக்கும் (செட்டோட உலோகத் தட்டு) நடுவுல டிஜிட்டல் மீட்டர் வைங்க. பிளஸ் காட்டினா மாத்தியே ஆகணும்.

பாம்பன்_வால்வு: கப்ளிங்ல எனக்கும் மறுப்பில்ல தம்பி, 630 வோல்ட் ஃபிலிம் போடட்டும். ஆனா ஹம் போகட்டும்னு முதல் ஃபில்டர்ல 100 மைக்ரோஃபாரட் வைக்கிறாங்களே, அதுதான் கொடுமை. ஈ.இஸட்.80 தாங்குறது 50 வரைக்கும்தான். ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் அடிக்கிற கரண்ட்ல அந்த வால்வோட கேதோடு (எலக்ட்ரான் விடுற பூச்சு) உதிர்ந்துடும். ஐ.எஃப். கேன்ல (ஸ்டேஷனைப் பிரிச்சு எடுக்கிற காயில் டப்பா) இருக்கிற மைக்கா கண்டென்சரையும் தொடக்கூடாது. தொட்டா அலைன்மென்ட் (காயில்களோட டியூனிங்) கலையும், அப்புறம் எந்த ஸ்டேஷனும் தெளிவா நிக்காது.

கீழக்கரை_சால்டர்: மைக்கா இருக்கட்டும். ஃபில்டருக்கு 47 மைக்ரோஃபாரட் 450 வோல்ட், 105 டிகிரி சூடு தாங்குறதைப் போடலாம். பழைய டப்பா அழகுக்குச் சேஸிஸ் மேலயே நிக்கட்டும், ஒயரை மட்டும் பிரிச்சிடணும். புதுசைப் பழசோட பேரலலாப் போட்டா கசிவு அப்படியேதான் இருக்கும்.

பாம்பன்_வால்வு: டேக் ஆடினா கழட்டலாம். ஆடாம, ஒரு மணி நேரம் ஓடியும் டப்பா சுடாம இருந்தா நான் பழசைத்தான் வைப்பேன்.

மண்டபம்_செட்: டேக் ஆடுதுண்ணே. அப்ப 47 போட்டுடுறேன்.

கீழக்கரை_சால்டர்: கை வைக்கிறதுக்கு முன்னாடி பழசை 10 கிலோ ஓம் வழியா டிஸ்சார்ஜ் பண்ணிடுங்க. முதல் தடவை 60 வாட் குண்டு பல்பை சீரீஸ்ல போட்டு ஆன் பண்ணுங்க. பல்பு பளிச்சுனு எரிஞ்சு மங்காமலே நின்னா உடனே நிறுத்திடுங்க, எங்கயோ ஷார்ட் இருக்கு.