சீட்டுக்கு அடியில் இருக்கும் அந்த மஞ்சள் கப்ளர்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது எங்கள் தெருவில் இரண்டு நாள் தண்ணீர் நின்றது. காருக்குள் கால்மிதி நனையும் அளவுக்கு ஏறி, அப்புறம் வடிந்தது. நல்லவேளை, யாரும் ஸ்டார்ட் செய்து பார்க்கவில்லை. கட்டி இழுத்துக்கொண்டு போய், கால்மிதியையெல்லாம் எடுத்துக் காயவைத்து, ஆயில் மாற்றி ஓட்ட ஆரம்பித்தோம். ஏழு மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. ஒருநாள் பரனூர் டோல்கேட் தாண்டும்போது மீட்டரில் ஏர்பேக் விளக்கு எரிந்தது. வண்டியை நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்தும் அணையவில்லை.

வண்டியின் கம்ப்யூட்டரில் பதிந்திருக்கும் கோளாறைப் படிக்கும், புளூடூத்தில் வேலை செய்யும் சின்ன ஸ்கேனர் ஒன்று என்னிடம் உண்டு. அதில் கோடு (code, எது கோளாறு என்று காட்டும் குறியீடு) எதுவும் வரவில்லை. அந்த மாதிரி மலிவு ஸ்கேனர்களில் பல, எஞ்சின் பக்கம் மட்டும்தான் படிக்கும். ஏர்பேக் கம்ப்யூட்டரைத் தொடாது. எனவே பக்கத்தில் ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் போனேன். அவருடைய ஸ்கேனரில் தெளிவாக வந்தது: ஓட்டுநர் பக்க சீட்பெல்ட் பிரிடென்ஷனர், மின்தடை அதிகம்.

பிரிடென்ஷனர் என்பது எங்கள் வண்டியில் பெல்ட்டை மாட்டும் பக்கிளோடு சேர்ந்து இருக்கிறது. உள்ளே துளி வெடிமருந்து. வண்டி பலமாக மோதினால், கண் இமைப்பதற்குள் கம்ப்யூட்டர் அதற்கு மின்சாரம் அனுப்பும். மருந்து வெடித்து, பக்கிளைக் கீழே இழுத்து, தொளதொளவென்று இருக்கும் பெல்ட்டை உடம்போடு இறுக்கிவிடும். ஏர்பேக் விரியும்போது நாம் சீட்டோடு ஒட்டி இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் இது. அந்த மருந்தைப் பற்றவைக்கும் கம்பியின் மின்தடை சுமார் 2 ஓம்தான். வண்டி ஓடும்போதெல்லாம் கம்ப்யூட்டர் மிகச் சிறிய மின்சாரம் விட்டு அதைச் சோதித்துக்கொண்டே இருக்கும். வழியில் வயர்களை இணைக்கும் ஒரு பின்னில் களிம்பு ஏறி ஓரிரு ஓம் கூடினாலே போதும், விளக்கு எரியும். அதனால் விளக்கு எரிந்ததும் பிரிடென்ஷனரே போய்விட்டது என்று முடிவு கட்டக்கூடாது.

அந்த எலெக்ட்ரீஷியன் சொன்னது இதுதான்: "புது பார்ட் விலை அதிகம் சார். 2 ஓம் ரெசிஸ்டர் ஒன்னு போட்டுடறேன், லைட் அணைஞ்சிடும்." எனக்கு வயிற்றைக் கலக்கியது. ரெசிஸ்டர் என்பது வெறும் மின்தடை. பிரிடென்ஷனருக்குப் பதிலாக அதைப் போட்டால் கம்ப்யூட்டர் எல்லாம் சரியாக இருப்பதாக நம்பிக்கொள்ளும். மோதும் நொடியில் மின்சாரம் அந்த ரெசிஸ்டருக்குப் போகும், பெல்ட் இறுகாது. அந்த சீட்டில் தினமும் உட்கார்ந்து ஓட்டுவது என் மனைவி. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கூடுவாஞ்சேரியில் வயதான ஒரு எலெக்ட்ரீஷியனைச் சொன்னார்கள். அவர் முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினார். உடனே சீட் பக்கம் போகவில்லை. "கம்ப்யூட்டர் உள்ளே கெப்பாசிட்டர்ல கரண்ட் நிக்கும் தம்பி, டீ குடிச்சிட்டு வரலாம்" என்றார். பத்து நிமிடம் கழித்துத்தான் சீட்டுக்கு அடியில் கை விட்டார். நான் மல்டிமீட்டரை நீட்டினேன். கையைத் தட்டிவிட்டார். ஓம் பார்க்க மீட்டர் விடும் சின்ன மின்சாரமே மருந்தைப் பற்றவைத்துவிடலாமாம். இதை நான் எங்கும் படித்திருக்கவில்லை, அதனால்தான் இங்கே அழுத்திச் சொல்கிறேன்: பிரிடென்ஷனரில் சாதாரண மீட்டரை வைக்கவே வைக்காதீர்கள்.

பிரிடென்ஷனரின் வயரை வண்டியின் வயரிங்கோடு இணைக்கும் மஞ்சள் கப்ளரைக் கழற்றினார். கழற்றியதும் இரண்டு பின்களையும் ஒன்றாகச் சேர்த்துவிடும் சின்னத் தகடு ஒன்று உள்ளே இருக்கிறது, உடம்பில் இருக்கும் நிலைமின்சாரத்தில் தவறி வெடிக்காமல் இருக்க. சுத்தம் செய்கிறேன் என்று அதை வளைத்துவிடக்கூடாது என்றார்.

அப்புறம் அவரும் ஒரு 2 ஓம் ரெசிஸ்டரைத்தான் எடுத்தார்! பழைய கப்ளர் ஒன்றில் பொருத்தித் தானே செய்து வைத்திருந்தது. அதை வயரிங் பக்கம் மாட்டி, பேட்டரியை மறுபடி இணைத்து, கோடை அழித்தார். திரும்ப வந்தது. அப்படியென்றால் பிரிடென்ஷனர் மேல் குற்றமில்லை, வயரிங் பக்கம்தான் கோளாறு. ஒரே ரெசிஸ்டர்தான், சோதிக்க மாட்டினால் கருவி, மாட்டி விட்டுவிட்டுப் போனால் உயிருக்கு ஆபத்து.

மறுபடி பேட்டரியைக் கழற்றிக் காத்திருந்து, வயரிங் கப்ளரைப் பிரித்தார். ஒரு டெர்மினலில் (வயர் நுனியில் இருக்கும் உலோக முனை) வயரைக் கவ்வும் இடம் பச்சையாகக் களிம்பு பூத்து, இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. கறுத்துப்போன நுனியை வெட்டிவிட்டு, புது டெர்மினல் போட்டு, கோடை அழித்து, சீட்டை முன்னும் பின்னும் பத்து முறை தள்ளிப் பார்த்தார். விளக்கு வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

இந்தப் பதிவுக்குக் கீழே வந்த கருத்துகள் சில. கோயம்புத்தூரிலிருந்து ஒருவர்: எனக்குத் தண்ணீர் எல்லாம் இல்லை. காரை உள்ளே சுத்தம் செய்யும்போது சீட்டைக் கடைசிவரை முன்னால் தள்ளியதில் வயர் இழுபட்டது. கப்ளரை அழுத்தி மாட்டியும் விளக்கு அணையவில்லை, கோடை ஸ்கேனரில் அழித்த பிறகுதான் போனது. வயரைக் கொஞ்சம் தளர்வாக விட்டுக் கட்டச் சொல்லுங்கள்.

சேலத்திலிருந்து ஒருவர்: சீட் கவர் மாற்றப் போனவர்களுக்கு ஒரு வார்த்தை. சீட்டைக் கழற்றி வெளியே வைத்திருக்கும்போது கடைப் பையன் பாட்டு கேட்க சாவியைப் போட்டான். கப்ளர் இல்லாததால் கோடு பதிந்துவிட்டது. பொருள் எதுவும் கெடவில்லை, அழித்ததும் சரி.

மதுரையிலிருந்து, வாடகைக் கார் ஓட்டுபவர்: பழைய இரும்புக் கடையில் பக்கிள் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம் சகோ. எனக்குக் கொடுத்தது ஏற்கெனவே வெடித்தது. நம்முடையதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பக்கிள் கீழே இறங்கிக் குட்டையாக இருந்தது. ஒருமுறை வெடித்ததைத் திரும்பப் பயன்படுத்த முடியாது. அது சரி, வேளச்சேரி பக்கம் தண்ணீரில் நின்ற வண்டிகளில் கால்மிதிக்கு அடியில் இன்னும் ஈரம் இருக்குமா?

பதிவிட்டவர்: இருக்கும் அண்ணா. எனக்கு இருந்தது. மேலே தொட்டால் காய்ந்த மாதிரிதான், அடியில் ஒட்டியிருந்த பஞ்சைப் பிழிந்தால் ஏழு மாதத் தண்ணீர் சொட்டியது. வயரிங் அதன் மேல்தான் கிடந்திருக்கிறது. மொட்டைமாடியில் மூன்று நாள் வெயிலில் போட்ட பிறகுதான் வாடை போனது. கப்ளரை இப்போது தரையில் படாமல் சீட் சட்டத்தோடு தூக்கிக் கட்டியிருக்கிறோம்.