லைம் நோய்க் கணக்கு: இன்சூரன்ஸ் தரவு தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் இருக்கிறோம். போன ஜூனில் என் கணவருக்கு முழங்காலுக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு வளையம்; உண்ணி கடித்துப் பரவும் லைம் நோயின் அடையாளம். கடித்த உண்ணி கசகசா அளவுதான் இருந்திருக்கும். டாக்டர் பார்த்ததுமே டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்தார், ரத்தப் பரிசோதனை இல்லை. 2022 முதல் இங்கே ஆய்வக முடிவை வைத்துத்தான் எண்ணுகிறார்கள். அப்படியென்றால் அரசுக் கணக்கில் அவர் இல்லவே இல்லை!

2010-18இல் நாடு முழுக்க ஆண்டுக்குச் சராசரியாகப் பதிவானது சுமார் 35,000 பேர். இன்சூரன்ஸ் பில்களை வைத்து சிடிசி (அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம்) மதிப்பிட்டதோ 4,76,000.

என் ஆய்வேட்டுக்கு நானும் பில்களைத்தான் எண்ணுகிறேன். பில்லில் லைம் நோயைக் குறிக்கும் ஏ69.2 குறியீடும் ஆன்டிபயாட்டிக்கும் சேர்ந்து வந்தால் ஒருவர் என்று கொள்கிறேன். சரி, வெறும் சந்தேகத்தில் மருந்து வாங்கியவர்களை எப்படிக் கழிப்பது? 65 வயது தாண்டியவர்கள் தனியார் இன்சூரன்ஸிலிருந்து மெடிகேர் என்ற அரசுக் காப்பீட்டுக்குப் போய்விடுகிறார்களே, அவர்களை எப்படிச் சேர்ப்பது? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.