காசநோயாளி வீட்டுக்கு இன்டர்ன்களை அனுப்பலாமா?

வைகைக்கரை
எம்.எஸ்.டபிள்யூ (சமூகப்பணி முதுகலை) இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தென் மாவட்டம் ஒன்றில் காசநோய்ப் பணி செய்யும் தொண்டு நிறுவனத்தில் இரண்டு மாதம் இன்டர்ன்ஷிப் முடித்து வந்திருக்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

சேர்ந்த மூன்றாம் நாளே 14 நோயாளிகளின் பட்டியலைக் கையில் கொடுத்து, வீட்டுக்குப் போய் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று பார்த்து வரச் சொன்னார்கள். தோளில் அவர்கள் கொடுத்த பை. அதில் கொட்டை எழுத்தில் 'காசநோய் ஒழிப்பு'. ஒரு தெருவில் வீடு தெரியாமல் டீக்கடையில் வழி கேட்டேன். கடைக்காரர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அந்த வீட்ல யாருக்கு டிபி?" என்றார்.

அந்த அக்காவுக்கு 26 வயது. கல்யாணமாகி ஒரு வருடம். மாமியார் வீட்டில் நெஞ்சுச்சளி என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார். வாசலைத் தாண்டி வந்து, "தம்பி, இனிமே வீட்டுக்கு வராதீங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அதன் பிறகு போன் எடுக்கவில்லை.

என் முடிவு இதுதான். இரண்டு மாதம் வந்து போகும் மாணவர்களை நோயாளியின் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. அங்கே நாம் கற்றுக்கொள்வதற்கான விலையை அவர்கள் கொடுக்கிறார்கள்.

பதினேழாம் வார்டு
தம்பி, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. நான் பதினோரு வருடமாகக் களப்பணியில் இருக்கிறேன். அந்தப் பையைக் கொடுத்தது தவறு, மூன்றாம் நாளே தனியாக அனுப்பியது அதைவிடப் பெரிய தவறு. ஆனால் அதை வைத்து வீட்டுக்கே போகக் கூடாது என்று சொல்வதை ஏற்க மாட்டேன்.

டிபி மருந்து ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று. பிரச்சினையே அந்த இரண்டாவது மாதத்தில்தான். காய்ச்சல் விட்டிருக்கும், இருமல் குறைந்திருக்கும், பசி எடுக்கும். "அதான் சரியாயிடுச்சே" என்று வேலைக்குப் போய்விடுவார்கள். மாத்திரை அலமாரியில் கிடக்கும். அப்படி விட்டு விட்டுச் சாப்பிட்டால் மருந்துக்குக் கட்டுப்படாத டிபியாக மாறலாம். வீட்டுக்குப் போய் அட்டையைக் கையில் வாங்கிப் பார்க்காமல் இதைக் கண்டுபிடிக்க முடியாது. போனில் எல்லோரும் "சாப்பிட்டேங்க" என்றுதான் சொல்வார்கள்.

வீட்டில் வைத்தே டிபியைக் குணப்படுத்தலாம் என்று உலகத்துக்குக் காட்டியதே நம் சென்னைதான். 1956இல் தொடங்கிய மெட்ராஸ் ஆய்வில் பாதிப் பேரைச் சானடோரியத்தில், அதாவது காசநோய் ஆஸ்பத்திரியில் வைத்தார்கள், பாதிப் பேருக்கு நெருக்கடியான ஏழை வீடுகளிலேயே மருந்து கொடுத்தார்கள். குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை, வீட்டில் கூட இருந்த குடும்பத்தாருக்கும் கூடுதலாகத் தொற்றவில்லை. அதற்குப் பின்னால் இருந்தது என்ன? சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணிப் பார்த்த பணியாளர்கள்.

வைகைக்கரை
அக்கா, நீங்கள் சொன்ன அதே ஆய்வைத்தான் நானும் சொல்வேன். அங்கே போனவர்கள் பயிற்சி பெற்ற ஊழியர்கள். அடுத்த மாதமும் அவர்களே வருவார்கள் என்று அந்த வீட்டுக்குத் தெரியும். நான் ஜூலை கடைசியில் சான்றிதழ் வாங்கிக்கொண்டு கல்லூரிக்கு வந்துவிட்டேன். இரண்டையும் ஒன்றாக வைக்க முடியாது.

மஞ்சப்பை
நான் மாணவியும் இல்லை, நிறுவனத்து ஆளும் இல்லை. எங்கள் அப்பா மருந்து சாப்பிட்டு முடித்தவர். எங்கள் வீட்டுப் பக்கத்தையும் கேளுங்கள்.

ஆறு மாதத்தில் நான்கு மாணவர்கள் வந்தார்கள். நான்கு பேரும் ஒன்றாம் நம்பர் கேள்வியிலிருந்து ஆரம்பித்தார்கள். எப்போது இருமல் வந்தது, குடிப்பீர்களா, பீடி உண்டா, மாத வருமானம் எவ்வளவு, வீட்டில் எத்தனை பேர். நான்காவதாக வந்த பெண்ணிடம் அப்பா, "முன்னாடி வந்தவங்க எழுதிட்டுப் போனாங்களே, அதைப் பார்த்துக்கம்மா" என்றார். அப்பாவுக்குக் கோபம் இல்லை. குடிப்பாயா என்று பிள்ளைகள் முன்னால் நான்காவது தடவை பதில் சொல்ல அவருக்குக் கூச்சம்.

ஆனால் முதலில் வந்த பெண்ணை நான் மறக்க மாட்டேன். மருந்து ஆரம்பித்த முதல் வாரத்தில் அப்பாவுக்குச் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போயிற்று. ரத்தம் என்று பயந்துபோய் இரண்டு நாள் மாத்திரையைத் தொடவில்லை, எங்களிடமும் சொல்லவில்லை. அந்தப் பெண் அட்டையை எடுத்து எண்ணிப் பார்த்துவிட்டு, "ஏன்பா ரெண்டு நாள் விட்டிருக்கீங்க?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டது. அப்புறம்தான் சொன்னார். அது ரிஃபாம்பிசின் மாத்திரையின் நிறம், பயப்பட ஒன்றுமில்லை என்று அந்தப் பெண் சொன்னதும் எங்கள் எதிரிலேயே மாத்திரையை விழுங்கினார்.

சத்துணவுக்காக அரசு மாதம் 500 ரூபாய் கணக்கில் போடுமே, இப்போது அதை 1000 ஆக்கிவிட்டார்கள், அது எங்களுக்கு வரவேயில்லை. அப்பாவின் பழைய பாஸ்புக் கணக்கு செயல்படாமல் கிடந்தது. அந்தப் பெண்தான் எங்களோடு பேங்குக்கு வந்து, கவுண்டர் கவுண்டராக நின்று சரி செய்துகொடுத்தது. ஆகவே மாணவர்களே வர வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். வருவதென்றால் ஒரே ஆள் வரட்டும். கடைசி வரை வரட்டும்.

கணக்குப்பிள்ளை
நான் பொதுச் சுகாதாரம் படித்தவன். என் இன்டர்ன்ஷிப் முழுக்க டேட்டா என்ட்ரி. கூடப் படித்தவர்கள் பாவப்பட்டார்கள். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. மாணவனின் இடம் அலுவலகம்தான் என்பேன்.

ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தின் பதிவேட்டைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். எடைப் பத்தியில் ஒருவருக்கு 42, 42, 42, 42. அடுத்தவருக்கு 38, 38, 38. மருந்து வேலை செய்தால் எடை ஏற வேண்டும், ஏறாவிட்டால் அது எச்சரிக்கை. போன் செய்து கேட்டேன். எடை மெஷின் பழுதாகி மூன்று மாதம் ஆகிறது, போன மாத எண்ணையே எழுதுகிறோம் என்றார் அங்கிருந்த நர்ஸ், ஒளிக்காமல். எங்கள் மேற்பார்வையாளர் மேலே பேசி, மூன்றாவது வாரத்தில் புது மெஷின் வந்தது.

எடை சின்ன விஷயம் இல்லை. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லா திட்டத்தில் முதலில் பார்ப்பதே இப்படிப்பட்டவைதான். உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு, கால் வீங்கியிருக்கிறதா, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா. இதில் மோசமாக இருப்பவரை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், நோயாளியின் குடும்பத்துக்கு உணவுப்பொருள் கொடுத்ததால் அந்த வீடுகளில் புதிதாக டிபி வருவது 39 சதவீதம் குறைந்தது. எடையைத் தவறாக எழுதினால் யாருக்குச் சோறு தேவை என்பதே தெரியாமல் போகும். இதையெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தே கண்டுபிடித்தேன். ஒருவர் வீட்டு வாசலும் மிதிபடவில்லை.

பதினேழாம் வார்டு
நல்ல வேலை செய்திருக்கிறீர்கள், மனதார சொல்கிறேன். ஆனால் மஞ்சப்பை அம்மாவின் வீட்டில் இரண்டு நாள் மாத்திரை விட்டுப்போனது உங்கள் பதிவேட்டில் வருமா? 'ஒழுங்காகச் சாப்பிடுகிறார்' என்றுதான் டிக் அடித்திருப்பார்கள்.

அம்மா, நீங்கள் சொன்ன நான்கு பேர் கணக்கு என்னைக் குத்துகிறது. எங்கள் அலுவலகத்திலும் அப்படித்தான் நடக்கிறது. கல்லூரி எந்த மாதம் அனுப்புகிறதோ அந்த மாதம் எடுத்துக்கொள்கிறோம், நோயாளியின் ஆறு மாதத்தை யாரும் யோசிப்பதில்லை. எம்.எஸ்.டபிள்யூ மாணவர்களுக்கு வாரம் இரண்டு நாள் களப்பணி என்று செமஸ்டர் முழுக்க உண்டு. அந்த மாணவர்களுக்கு ஆளுக்கு நான்கு நோயாளி என்று கொடுத்தால் ஒரே முகம் நான்கு மாதத்துக்கு மேல் வரும். இரண்டு மாதக்காரர்களைக் கணக்குப்பிள்ளை சொல்வதுபோல் பதிவேட்டில் உட்கார வைக்கலாம்.

கணக்குப்பிள்ளை
நான்கு மாதமும் ஆறு மாதமும் ஒன்றில்லையே. கடைசி இரண்டு மாதம் புது ஆள் வருவாரே? அதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்த வேலைக்குச் சம்பளம் கொடுத்து ஆள் போட வேண்டும். மாணவர்களை வைத்து அந்த ஓட்டையை அடைப்பதால்தான் யாரும் ஆள் போடுவதில்லை.

தென்னங்கீற்று
இடையில் ஒரு கேள்வி. அடுத்த மாதம் இப்படி ஓர் இடத்தில் சேரப்போகிறேன். அம்மா பயப்படுகிறார். தொற்றிவிடுமா?

பதினேழாம் வார்டு
மருந்து தொடங்கிய சில வாரங்களில் நோயாளியிடமிருந்து பரவுவது வெகுவாகக் குறைந்துவிடும். பயம் புதிதாகக் கண்டுபிடித்தவர்களிடமும், இன்னும் கண்டுபிடிக்காதவர்களிடமும்தான். முதல் நாளே என்95 மாஸ்க் கேட்டு வாங்குங்கள், கொடுக்காவிட்டால் களத்துக்குப் போகாதீர்கள். காற்றோட்டமான திண்ணையில் உட்கார்ந்து பேசுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்யுங்கள். அம்மாவிடம் இதைக் காட்டுங்கள்.

வைகைக்கரை
காசு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். உதவித்தொகை கிடையாது, பஸ் காசும் என் கையிலிருந்து. ஒரு நாளைக்கு 90 ரூபாய். கூட வந்த பெண்களுக்குச் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் இலவசம், அதனால் சமாளித்தார்கள். என்னோடு சேர்ந்த பையன் ஒருவன் மூன்றாம் வாரமே நின்றுவிட்டான். அவனுக்கு அட்டெண்டன்ஸ் போயிற்று.

பதினேழாம் வார்டு
திட்ட பட்ஜெட்டில் பயிற்சி மாணவருக்கு என்று தலைப்பே இருப்பதில்லை, தம்பி. நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

மஞ்சப்பை
பட்ஜெட்டில் இல்லை என்றால் எழுதிச் சேர்த்துவிடுங்கள். என் தம்பிக்கும் சமூகப்பணி படிக்க ஆசை. லீவில் ஜவுளிக்கடையில் நின்றால்தான் அடுத்த செமஸ்டர் ஃபீஸ். சம்பளமில்லாமல் இரண்டு மாதம் அவனால் எப்படி வர முடியும்? எங்கள் அப்பாவின் இருமலை ராத்திரி முழுக்கக் கேட்டு வளர்ந்தவன் அவன். டீக்கடையில் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படிப்பட்ட பிள்ளைகள் வர முடியாதபடி வைத்துவிட்டு, வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு எங்கள் தெருவைப் பற்றி வகுப்பு எடுக்கிறீர்கள்.

பதினேழாம் வார்டு
இதற்கு என்னிடம் பதில் இல்லை, அம்மா. அடுத்த திட்ட வரைவில் பஸ் காசையும் ஒரு தொகையையும் எழுதிப் போடுகிறேன். வெட்டினால் ஏன் வெட்டினார்கள் என்று இங்கே வந்து சொல்கிறேன். பையில் அச்சடிப்பதை நிறுத்தச் சொல்லி இன்றே பேசிவிட்டேன். மருந்து ஆரம்பிக்கும்போதே "உங்களை எங்கே பார்க்கலாம், வீட்டிலா, சென்டரிலா, வேறு இடத்திலா" என்று கேட்டு எழுதிக்கொள்ளவும் சொல்லியிருக்கிறேன்.

வைகைக்கரை, அந்தப் பெண்ணுக்கு இது எத்தனையாவது மாதம்?

வைகைக்கரை
நான் போனபோது இரண்டாவது மாதம் தொடக்கம். இப்போது நான்காவது மாதம் நடக்க வேண்டும். மருந்தை விட்டுவிட்டாரா என்று எனக்குத் தெரியாது, அக்கா. வேறு யாராவது பார்க்கிறார்களா என்றும் தெரியாது. அந்த அலுவலகத்துக்கு இரண்டு தடவை போன் செய்தேன், புது இன்டர்னிடம் பட்டியலைக் கொடுத்திருக்கிறோம் என்றார்கள்.

பதினேழாம் வார்டு
பெயரையும் ஊரையும் இங்கே எழுதாதீர்கள். எந்த மாவட்டம், எந்த சென்டர் என்று மட்டும் எனக்குத் தனியாக அனுப்புங்கள். அங்கே டிபி பிரிவில் எனக்குத் தெரிந்த ஒரு நர்ஸம்மா இருக்கலாம். சென்டருக்கு மாத்திரை வாங்க வரும்போது அவர் பேசட்டும். வீட்டுக்கு யாரும் போக வேண்டாம்.